மதியம் ஒரு மணிக்குத் திறக்கும் டப்பா: ரூம் எடுத்துப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் மதியச் சாப்பாடு வேறு யாராவது ஒருவரின் கவலையாக இருந்தது. வீட்டில் அம்மா கட்டிக் கொடுத்தார். அரசுப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு இருந்தது. வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்து, நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்த பிறகுதான் அந்தக் கவலை நம் தலையில் விழுகிறது. மாத ஆரம்பத்தில் கேன்டீன் பிரியாணி, நடுவில் பரோட்டா, இருபதாம் தேதிக்கு மேல் டீயும் பன்னும் என்று வண்டி ஓடும்.

ரூமில் ஒரு ரைஸ் குக்கர், ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு கடாய் இருக்கின்றன. இதுவரை நூடுல்ஸ் தவிர எதுவும் சமைத்ததில்லை. அப்படிப்பட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். விடுதியில் இருப்பவர்கள் முதலில் வார்டனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல விடுதிகளில் மின்அடுப்புக்கு அனுமதி கிடையாது.

முதலில் மணிக்கணக்கு

லஞ்ச் பாக்ஸ் என்று தேடினால் ஆயிரம் வீடியோ வருகிறது. அவற்றில் பாதி, அடுப்பை விட்டு இறக்கிய நிமிஷத்தில் ருசிக்கும் பண்டங்கள். உங்கள் சாப்பாடு காலை ஏழரைக்குக் கட்டப்பட்டு, பஸ்ஸில் கசங்கி, வகுப்பறை ஜன்னலோரம் வெயிலில் கிடந்து, ஒரு மணிக்குத் திறக்கப்படும். ஐந்தரை மணி நேரம்! சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே இருந்தால் கிருமிகள் பெருகுவது வெகுவாகக் குறையும். நடுவில் இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். நம் ஊரில் சித்திரை, வைகாசி மாத வகுப்பறை எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

குளிர்பெட்டி இல்லாத காலத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டுவைத்திருந்தார்கள். கட்டுச்சோறு என்றால் ஏன் எப்போதும் புளிச்சோறு? புளியின் அமிலமும் உப்பும் கிருமிகளை எளிதில் வளர விடுவதில்லை. தயிரிலும் அமிலம்தான் வேலை செய்கிறது. பொடியில் ஈரமே இல்லை. ஆகவே புளிப்பு, உப்பு, எண்ணெய், ஈரமின்மை இவற்றில் குறைந்தது இரண்டு இருக்கிற சாப்பாட்டை மட்டும் டப்பாவில் வையுங்கள். மற்றதெல்லாம் இரவுக்கு.

டப்பா வாங்கும்போது

எவர்சில்வர் போதும். ஒரு பெரியது, ஒரு சிறியது. அலுமினியம் வேண்டாம், புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும். மூடியில் ரப்பர் வாஷர் இருந்தால், அது கழற்றக் கூடியதா என்று கடையிலேயே பாருங்கள். டப்பா எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒரு வாடை இருக்குமே, அது பெரும்பாலும் வாஷருக்கு அடியில் தங்கிய பழைய சோற்றுப் பருக்கைதான். சாப்பிட்ட கையோடு கல்லூரிக் குழாயில் ஒரு தடவை அலசிவிடுங்கள். மாலை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பையிலேயே விட்டால், மறுநாள் காலை மூக்கைப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டிவரும்.

ஹாட்பாக்ஸ் நல்லதுதான், ஆனால் ஒரு நிபந்தனை: சோறு கொதிக்கக் கொதிக்க உள்ளே போக வேண்டும். ஆறிய சோற்றை அதில் வைத்தால் கிருமிகளுக்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி. சாதா டப்பா என்றால் நேர்மாறாக, நன்றாக ஆறிய பிறகுதான் மூட வேண்டும். ஆவியோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சோற்றில் சொட்டும். அந்த ஈரத்தில்தான் ஊசிப்போவது ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை: புளிக்காய்ச்சல்

காலையில் எழுந்து எல்லாவற்றையும் சமைப்பேன் என்று யாரும் சபதம் எடுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். புளிக்காய்ச்சல் ஒன்றைக் கற்றுக்கொண்டவர் பட்டினி கிடக்க மாட்டார்.

100 கிராம் புளியை இரண்டு டம்ளர் வெந்நீரில் இருபது நிமிடம் ஊற வையுங்கள். இதற்கிடையே இரண்டு மேசைக்கரண்டி தனியா, ஒரு தேக்கரண்டி வெந்தயம், நான்கு காய்ந்த மிளகாய் மூன்றையும் எண்ணெய் விடாமல் வறுத்துப் பொடியுங்கள். மிக்ஸி இல்லையென்றால் வீட்டு ஓனரம்மாவிடம் ஐந்து நிமிடம் கேளுங்கள். புளிக்காய்ச்சலில் கொஞ்சம் அவருக்கும் கொடுத்தால் அடுத்த வாரம் கேட்காமலே மிக்ஸி வரும். வெந்தயம் கருகினால் மொத்தமும் கசந்துவிடும், அதனால் அதைக் கடைசியில் போடுங்கள்.

கடாயில் அரை டம்ளருக்குச் சற்றுக் குறைவாக நல்லெண்ணெய். பயப்படாதீர்கள், நான்கைந்து சாப்பாட்டுக்கான எண்ணெய் அது. கடுகு வெடித்ததும் எட்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி பெருங்காயம், கொஞ்சம் மஞ்சள்தூள் சேருங்கள். புளியைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, நான்கு தேக்கரண்டி கல் உப்பு போட்டுக் கொதிக்க விடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் சுண்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். அதுதான் பதம். அதற்கு முன் இறக்கினால் நாலு நாளில் பூசணம் பிடிக்கும். பொடியையும் ஒரு சிறு துண்டு வெல்லத்தையும் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி அடுப்பை அணையுங்கள்.

வேர்க்கடலையையும் கடலைப்பருப்பையும் இதில் சேர்க்காதீர்கள். ஒரு வாரம் ஊறினால் சவசவ என்று ஆகிவிடும். தனியாக வறுத்து வைத்துக்கொண்டு அன்றன்று காலையில் கலந்தால் மதியம் வரை கடிபடும். ஆறிய காய்ச்சலைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஈரமில்லாத கரண்டியால் மட்டும் எடுத்தால் ஒரு வாரம் வெளியிலேயே தாங்கும்.

காலையில் சோறு

ரைஸ் குக்கரோடு ஓர் அளவுக் கோப்பை வரும், பெரும்பாலும் 180 மில்லி. ஒரு கோப்பை அரிசி ஒரு ஆளுக்குத் தாராளம். பச்சரிசிக்கு இரண்டு கோப்பை தண்ணீர், பொன்னிப் புழுங்கலுக்கு இரண்டரையிலிருந்து மூன்று. கலந்த சாதத்துக்கு உதிரியாக வேண்டும், ஆகவே குறைந்த அளவே சரி. அரிசியைக் களைந்து, ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். திரும்பி வந்ததும் தட்டில் பரப்பி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு ஃபேனுக்கு அடியில் வையுங்கள். சூட்டோடு கரண்டி போட்டுக் கிண்டினால் குழைந்துபோகும்.

திங்கள் முதல் வெள்ளி வரை

திங்கள் புளிச்சோறு. வாரக் கடைசியின் அசதியில் எழுந்தவருக்கு இதைவிடச் சுலபம் வேறில்லை: சோறு, இரண்டு கரண்டி காய்ச்சல், கடலை.

செவ்வாய் எலுமிச்சை சாதம். தாளித்து அடுப்பை அணைத்த பிறகே சாறு பிழிய வேண்டும். கொதிக்க விட்டால் கசக்கும். ஒரு கோப்பை அரிசிக்கு அரை மூடி எலுமிச்சை போதும்.

புதன் இட்லி. மாவுப் பாக்கெட் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. வெந்த இட்லியை ஆறவிட்டு, இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி அடுக்குங்கள். ரயிலில் போகிறவர்கள் சும்மாவா இதைக் கட்டிக்கொண்டு போகிறார்கள்? மதியத்துக்குள் பொடி இறங்கி, காலையில் இருந்ததைவிட ருசி கூடியிருக்கும். சட்னி எடுத்துப் போகாதீர்கள்.

வியாழன் தக்காளி சாதம். இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் வதங்கியதும் அரிசியோடு குக்கரில் போட்டுவிடலாம். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்த மீல்மேக்கரை ஒரு கைப்பிடி சேருங்கள். உலர்ந்த மீல்மேக்கரின் எடையில் ஏறக்குறைய பாதி புரதம். கறி வாங்கக் காசில்லாத வாரத்தில் நல்ல துணை. இந்தச் சோற்றில் புளிப்பு குறைவு, ஆகவே ஹாட்பாக்ஸில் சூடாகப் போகட்டும்.

வெள்ளி தயிர்சாதம், ஆனால் தயிரைக் கொட்டிப் பிசையாதீர்கள். அப்படிச் செய்தால் ஒரு மணிக்குத் திறக்கும்போது பல் கூசும். சுடுசோற்றைக் குழைய மசித்து, ஒரு டம்ளர் காய்ச்சிய பால் ஊற்றுங்கள். விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர், உப்பு. இஞ்சி, பச்சைமிளகாய், கடுகு தாளித்துக் கொட்டி மூடுங்கள். பையில் கிடக்கிற நேரமே உறையும் நேரம். மதியத்துக்குள் பால் தயிராகி, புளிப்பு ஏறாமல் இருக்கும். ஆறிய பின் மூடு என்று சொன்ன விதிக்கு இது ஒன்று மட்டும் விலக்கு. மார்கழிக் குளிரில் தயிரை இரண்டு ஸ்பூனாக்குங்கள்.

தொட்டுக்கொள்ள

வெறும் சோறு மூன்று மணி வகுப்பில் தூக்கத்தைத்தான் கொண்டுவரும். இரவே ஒரு பிடி கருப்புக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, காலையில் உப்புப் போட்டு வேகவைத்துத் தண்ணீரை ஒட்ட வடித்துத் தாளித்தால் சுண்டல். வழக்கமாகத் தூவும் தேங்காயை மட்டும் விட்டுவிடுங்கள். வாழைக்காய், கோவைக்காய் வறுவல் தாங்கும். வெள்ளரிக்காயையும் கொய்யாவையும் நறுக்காமல் முழுதாக எடுத்துப் போங்கள், பல் இருக்கிறது. இனிப்புக்குக் கடலைமிட்டாய், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிச் சரக்கு கிடைத்தால் இன்னும் நல்லது.

வைக்கவே கூடாதவை

தேங்காய் அரைத்த எதுவும். உருளைக்கிழங்கு மசாலா. நேற்றைய கறிக்குழம்பு. சாம்பார் சாதத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கே வருத்தம்தான். பருப்பும் காயும் குழைந்த ஈரச் சோறு வெயிலில் நுரைத்துவிடும்.

ராத்திரிச் சோற்றை ஃப்ரைடு ரைஸ் ஆக்கிக் கட்டுவது ரூம்களில் வழக்கம். இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதித்தாலும் சாவதில்லை. இரவு முழுக்க வெளியே கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி, வாந்தி வரவழைக்கும் நஞ்சை உண்டாக்கும். மறுபடி எவ்வளவு வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் சோறு ஆறின உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத ரூமில் அளந்து வடிப்பதே வழி.

சமைக்க முடியாத நாள்

இன்டர்னல் தேர்வு, காய்ச்சல், கரண்ட் இல்லை என்று மாதத்தில் சில நாள் வரத்தான் செய்யும். அதற்கென்று அவலும் பொட்டுக்கடலையும் பருப்புப்பொடியும் ரூமில் இருக்கட்டும். அவலை அலசிப் பிழிந்து, புளிக்காய்ச்சலில் புரட்டினால் அடுப்பே இல்லாமல் புளி அவல். சென்னையில் இருப்பவர்களுக்கு அம்மா உணவகமும் உண்டு. 2013இல் தொடங்கியபோது சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். நான் டப்பாவில் வைக்காதே என்று சொன்ன சாம்பார் சாதத்தை அங்கே சுடச்சுடச் சாப்பிடலாம். கொஞ்சம் சீக்கிரமே போங்கள், தீர்ந்துவிடும்.