வாடிக்கைக்காரரும் கடைக்காரர் நாவும்
(சிறு வியாபாரிகளுக்கு ஒரு பாடம்)



சரக்கை வாங்குவதும் விற்பதுமே வியாபாரம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது பாதி வியாபாரம்தான். மற்றப் பாதி, வாடிக்கைக்காரரிடம் நாம் பேசும் பேச்சிலும், அவர் சொல்வதை நாம் கேட்கும் விதத்திலும் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் இதற்கென்றே தனி இலாகா வைத்துப் பணத்தைக் கொட்டுகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவற்றுக்கு இல்லாத ஒரு சொத்து நமக்குண்டு. நம் கடைகளில் முதலாளியே கல்லாவில் அமர்ந்து, வருகிறவர் முகத்தைப் பார்க்கிறார். அந்தச் சொத்தைப் பயன்படுத்தும் வழிகளைச் சிறிது ஆராய்வோம்.

1. முன்னோர் காட்டிய வழி

பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏறியது 1786-ல். எட்டு ஆண்டுகள் கழித்து, 1794-ல் பிரான்ஸிஸ் லைட் எழுதிய அறிக்கையிலேயே சூலியாக்கள் கடைக்காரர்கள் என்றும் கூலிவேலை செய்வோர் என்றும் குறிக்கப்படுகிறார்கள். அன்று நம்மவர் விளம்பரப் பலகை கட்டியா விற்றார்கள்?

நாசி கண்டார் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தோளிலே கண்டார் என்னும் காவடித் தடி. அதன் ஒரு முனையில் சோறு, மறுமுனையில் கறி. துறைமுகத்தில் பாடுபட்டவர்களுக்குப் பசி எடுக்கும் வேளையறிந்து, அவர்கள் நின்ற இடத்துக்கே சுமந்து சென்று விற்றார்கள். வாங்குபவர் எங்கே இருக்கிறார், அவருக்கு எப்போது தேவை உண்டாகிறது என்ற இரண்டையும் அறிந்ததே அவர்கள் செய்த விளம்பரம். கேம்பல் தெருவில் 1907 முதல் பெயர் பெற்றுவரும் ஹமீதியா உணவகம் இவ்வழியில் வளர்ந்ததே.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டியுள்ள ஒரு கடையை ஜனங்கள் 'பெராத்தூர்' என்றே அழைக்கிறார்கள். மலாயில் அதற்கு வரிசையில் நிற்பது என்று பொருள். அங்கே நிற்கும் வரிசையே அந்தக் கடைக்குப் பெயராகிவிட்டது. பலகையில் நாம் எழுதும் பெயரைவிட, வாடிக்கைக்காரர் வாயில் வழங்கும் பெயருக்கு ஆயுள் அதிகம்.

2. அவர் அறிந்த சொல்லில் பேசுதல்

நம் ஊரில் ஒரே தெருவுக்கு மூன்று நான்கு பெயர்கள் உண்டு. மார்க்கெட் தெரு நமக்குக் கடைத்தெரு. கேம்பல் தெருவை ஹொக்கியன் பேசும் சீனர் 'சின் கே', அதாவது புதுத்தெரு என்பர். பழைய பிட் தெரு இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். வழி கேட்பவருக்கு எந்தப் பெயர் தெரியுமோ அந்தப் பெயரில் சொல்வதே வழி சொல்வதாகும்.

சரக்கு விஷயமும் அப்படியே. 'பாஞ்சிர்' என்றால் மலாயில் வெள்ளம். நாசி கண்டார் கடையில் அதற்குக் குழம்பைத் தாராளமாக ஊற்று என்று அர்த்தம். அந்தச் சொல்லை அறியாத பையன் கரண்டி பிடித்துப் பயனில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு முதல் வாரத்திலேயே மலாயிலும் ஹொக்கியனிலும் எண்கள், விலை சொல்லும் முறை, நன்றி சொல்லும் முறை ஆகியவற்றைக் கற்றுக்கொடுங்கள்.

3. விலையை முன்கூட்டிச் சொல்லுதல்

அதிக விலையைவிட, தெரியாத விலையே சண்டையை உண்டாக்குகிறது. மீன்தலையைத் தட்டில் வைக்குமுன் "இது இவ்வளவு ரிங்கிட், வைக்கட்டுமா?" என்று கேட்டால் வேண்டுபவர் வாங்குவார், வேண்டாதவர் சிரித்துக்கொண்டே வேறொன்றைக் காட்டுவார். சாப்பிட்டு எழுந்தபின் சொன்னால் பணம் கிடைக்கும்; ஆனால் அவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார், போகுமிடமெல்லாம் அதைச் சொல்வார்.

சில்லறைக் கணக்கிலும் தெளிவு வேண்டும். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை மிக அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றிக்கொள்ளும் முறை இருக்கிறது. 12 ரிங்கிட் 42 சென் வந்தால் 12.40, 43 சென் வந்தால் 12.45. மொத்தத்துக்கு மட்டுமே இது செல்லும். பொருளுக்குப் பொருள் கூட்டிக்கொள்ளக் கூடாது. இதை அறியாத முதியவர் கேட்டால், இரண்டு சென் விஷயந்தானே என்று அலட்சியம் செய்யாமல் ரசீதைக் காட்டி விளக்குங்கள்.

4. 'இல்லை' என்று சொல்லும் விதம்

கேட்ட பொருள் இல்லாவிட்டால் "இல்லை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்ப்பது வாசலைக் காட்டுவதற்குச் சமம். "நாளை மாலை வரும், எடுத்து வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். நம்மிடம் வரவே வராத பொருளானால், அது கிடைக்கும் கடையைச் சொல்லுங்கள். எங்கள் கடையில் கல்லா அருகே ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறோம். கேட்டு இல்லாமற்போன பொருள்களை அதில் குறிப்போம். மாத முடிவில் எதைக் கொள்முதல் செய்வது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

குறை சொல்ல வருகிறவரிடம் கோபம் கூடாது. திரும்பி வரும் எண்ணம் இருப்பதாலேயே அவர் குறை சொல்கிறார்; எண்ணம் போனவர் பேசாமல் போய்விடுவார். 1999-ம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்துக்குப் போகவும் அவருக்கு உரிமையுண்டு. அவ்வளவு தூரம் போகுமுன் பொருளை மாற்றிக் கொடுப்பதே உத்தமம்.

கடன் கொடுத்தால் இருவர் கையிலும் கணக்கு இருக்கட்டும். கடனை எழுதிக்கொள்ளும்படி திருக்குர்ஆனே பணிக்கிறது. பாக்கியைப் பிறர் முன்னிலையில் கேட்காதீர்கள். மானம் போனவர் பணம் இருந்தாலும் நம் தெருப்பக்கம் வரமாட்டார்.

5. மாறிய காலம்

முன்னே ஜார்ஜ் டவுனில் கடைக்கு மேல்மாடியிலும் பக்கத்து வீட்டிலும் குடியிருந்தவர்களே நம் வாடிக்கைக்காரர்கள். 2000 ஜனவரி 1-ல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பல குடும்பங்கள் வெளியேறின. 2008-ல் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உல்லாசப் பயணிகள் பெருகினர். ஒரே முறை வருகிறவர் அவர். ஆயினும் அவர் படம் பிடித்து எழுதும் நாலு வரி, ஆயிரம் பேருக்குப் போகிறது. தூரத்தில் குடியேறிய பழைய வாடிக்கைக்காரரோ, நம் நினைவு வந்தால்தான் வண்டியேறி வருவார்.

அவருக்கு நினைவூட்ட வாட்ஸ்அப் நல்ல கருவி. ஆனால் விரும்பி எண் கொடுத்தவருக்கு மட்டுமே அனுப்புங்கள், தினமும் அனுப்பாதீர்கள். "ஸலாம். புதுப் பேரீச்சம்பழம் வந்துவிட்டது. கிலோ இன்ன விலை. கடை இரவு 9 மணி வரை." இவ்வளவு போதும். பொருள், விலை, நேரம் மூன்றும் இருக்க வேண்டும்.

இந்த வாரம் செய்து பார்க்க

அ. கடைக்கு எதிரே நின்று, விலைச்சீட்டு இல்லாத பொருள்களை எண்ணுங்கள்.
ஆ. இல்லாத பொருளுக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள்.
இ. மூன்று மாதமாக வராத ஒரு பழைய வாடிக்கைக்காரரைக் கூப்பிட்டு நலம் விசாரியுங்கள். விற்பனைப் பேச்சு வேண்டாம்.
ஈ. உங்கள் மகனையோ மகளையோ ஒருமணி நேரம் கல்லாவில் உட்காரவைத்து, வருபவரிடம் பேசச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். தகப்பனார் ஓய்ந்ததும் கதவடைத்த கடைகள் நம் தெருக்களில் எத்தனை! கட்டடமும் சரக்கும் பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும். வாடிக்கைக்காரரின் நம்பிக்கை தானாகப் போய்ச்சேராது. அதை நாம் இருக்கும்போதே அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.