வெள்ளத்தின் நடுவே ஒரு பிரசவம்

மாணவர்களே, தருமபுரி மாவட்டத்திலிருந்து கடல் வெகு தொலைவு. புயல் நம்மை என்ன செய்யும் என்று பலர் எண்ணியிருந்தனர். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் 33 செ.மீ., அண்டை மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது.

அத்தகைய இரவில் ஒரு மலைக்கிராமத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி எடுத்தால் என்ன ஆகும்? பாதை துண்டிக்கப்பட்டிருக்கும், மின்சாரம் இராது, 108 ஊர்தி மேலே வர இயலாது. ஆனால் பிறப்பு காத்திருக்காது. பிறந்த குழந்தைக்கு வரும் பெரிய ஆபத்துகளுள் ஒன்று குளிர். இதை விளக்க நீங்கள் படித்த இயற்பியலே போதும்.

குழந்தை ஏன் விரைவில் குளிர்கிறது?

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கனஅளவு 1. பக்கம் 2 செ.மீ. ஆனால் பரப்பு 24, கனஅளவு 8. அதாவது உருவம் சிறுத்தால், உடலளவுக்கு ஒப்பிடும்போது பரப்பு மிகுதி. வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாகத்தான். ஆகவே 23 டிகிரி செல்சியஸ் அறையில் ஆடையின்றிக் கிடக்கும் குழந்தை, 0 டிகிரியில் ஆடையின்றி நிற்கும் பெரியவரைப்போல் வெப்பத்தை இழக்கிறது.

மேலும், குழந்தை ஈரத்தோடு பிறக்கிறது. தோலிலிருந்து 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வேண்டும்; 10 கிராமுக்கு 5,800 கலோரி. இது முழுவதும் உடலிலிருந்தே போனால், 3 கிலோ குழந்தையின் வெப்பநிலை 2 டிகிரிக்கு மேல் குறையும். 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்குகிறது.

எனவே முதல் வேலை, உலர்ந்த துணியால் துடைப்பது. குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப்போட வேண்டும்.

மின்சாரம் வேண்டாத முறை

1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டினர். இதுவே 'கங்காரு முறை'. தாயின் உடல் 37 டிகிரியில் மாறாமல் வெப்பம் தருகிறது. தாய்ப்பாலும் அருகிலேயே கிடைக்கிறது. குழந்தையின் தலைக்குத் தொப்பி, இருவர்மீதும் போர்வை, அவ்வளவே.

முன்கூட்டியே கணக்கிடலாம்

வெள்ளம் வரும் நாளைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்ல முடியாது. பிரசவ நாளை ஏறக்குறையச் சொல்லலாம்: கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 280 நாட்களைக் கூட்டுங்கள். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இந்த நாள் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும், நாள் நெருங்கியவர்களை மருத்துவமனையுள்ள ஊருக்கு அனுப்பிவிடுவதே சிறந்த மருத்துவம். இரத்தப்போக்கு, வலிப்பு போன்றவற்றை வீட்டில் சமாளிக்க இயலாது.

வழியே இல்லாதபோது உதவுவது தூய்மைப் பிரசவப் பை: சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, புதிய பிளேடு, தொப்புள்கொடி கட்டத் தூய நூல், துணி. பேரிடர்ப் பகுதிகளில் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் இதை வழங்குகிறது.

செய்து பாருங்கள்: ஒரே அளவான இரு டம்ளர்களில் வெந்நீர் நிரப்புங்கள். ஒன்றில் ஈரத்துணியும் மற்றதில் உலர்ந்த துணியும் சுற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து வெப்பமானியால் அளந்து பாருங்கள். எது முதலில் குளிர்ந்தது, ஏன் என்பதை வீட்டிலும் சொல்லுங்கள்.