நந்தியாவட்டையிற் கண்ட புழு

தஞ்சை நாட்டு வீடுகளில் நந்தியாவட்டை இல்லாத தோட்டம் அரிது. பூசைக்கு மலர் என்றும், கண்ணோய்க்கு மருந்து என்றும் அதனை யாவரும் வளர்க்கின்றனர். ஐப்பசி மழைக்கு அச்செடி புதுத்தளிர் விடும் நாட்களில், கிளையொன்றிற் பச்சைப் பாம்புக்குட்டியைக் கண்டதாக யாரேனும் கூவுவர். உடனே தடியும் வந்துவிடும். எமது விடுதித் தோட்டத்தில் அவ்வாறு அகப்பட்ட ஒன்றைக் கொல்லவிடாது கண்ணாடிக் கலத்தில் வைத்து நோக்கினோம். அஃது இன்னதெனத் தெளிந்த முறையினை இங்கு எழுதுகின்றேன்.

அதன் நீளம் ஏறக்குறைய 3 அங்குலம். பருமன் சிறுவிரல் அளவு. உடல் தளிர்ப்பச்சை. இருபக்கத்தும் வெண்கோடும், அதனையொட்டி வெண்புள்ளிகளும் உள. வால்முனையில் மஞ்சள் நிறமான குட்டைக் கொம்பு ஒன்று. தலைக்குச் சற்றுப் பின்னே கருவிளிம்புடன் நீலமும் வெண்மையும் விரவிய இரண்டு பெரிய வட்டங்கள். வாளா இருக்குங்கால் இவை தோல் மடிப்பிற் பெரிதும் மறைந்துகிடக்கும். ஓர் ஈர்க்கினால் தொட்டாலோ, புழு தலையை உள்ளிழுத்து முன்னுடலைப் புடைக்கச் செய்யும். அப்பொழுது இரு விழிகள் நம்மை உறுத்து நோக்குவன போல அவ்வட்டங்கள் விரியும். குருவி அஞ்சுவதில் வியப்பென்னை? மனிதரே அஞ்சுகின்றனர்.

பாம்பன்று என்பதற்குக் கால்களே சான்று. முன்னே மூவிணைக் கால்கள் நகம்போற் கூரியன. நடுவே நாலிணையும் கடையில் ஓரிணையும் சதைப்பற்றுள்ள ஊன்றுகால்கள். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி ஆகியவற்றின் இளம்பருவத்துக்கு உரிய அமைப்பு இது. வாற்கொம்பு இருத்தலால், பருந்துபோல் விரைந்து பறப்பது பற்றி ஆங்கிலேயர் ‘பருந்து அந்து’ எனப் பெயரிட்ட குடும்பத்தது என்பதும் பெறப்படும். கொட்டும் முள்ளெனப் பலர் கருதும் அக்கொம்பு மெல்லியது, விரல் பட்டால் வளையும், நஞ்சற்றது. முருங்கையில் மொய்க்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் உடலிற் பட்டால் அரிக்கும் என்பது உண்மையே. அவ்வச்சத்தை மயிரே இல்லாத இப்புழுவின்மேல் ஏற்றுதல் முறையன்று.

எனினும் கொம்பு ஒன்றைக்கொண்டு பெயர் துணிதல் ஆகாது. நெல் அறுத்த வயலில் விதைக்கும் எள்ளிலும் வாற்கொம்புடைய பெரும்புழு உண்டு. அதன் உடலிற் சாய்கோடுகள் ஓடும். கொம்போ வளைந்து சொரசொரப்பாயிருக்கும். அது முதிர்ந்து, முதுகில் மண்டையோடு போன்ற குறி தாங்கிய அந்தாகிறது. கையிற் பிடித்தாற் கீச்சென்று ஒலிக்கும். நெற்பயிரிலே வேறொரு பச்சைப் புழுவுக்குக் கொம்பு தலையில் அமைந்திருக்கிறது. நிமிர்ந்த அவ்விரு கொம்புகளால் அதன் முகம் பூனைமுகம் போலத் தோன்றும். மாலையில் நிழலோரம் பறக்கும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் குழவி அது. ஆதலின் ‘எச்செடியிற் கண்டாய்?’ என்பதே கேட்கத்தக்க முதல் வினா.

தமிழ் பயில்வார் இங்கு மரபியலை நினைத்தல் கூடும். தொல்காப்பியர் உயிர்களை அறிவு வகையாற் பகுக்குமிடத்து எறும்பையும் கறையானையும் மூவறிவினவாகவும், நண்டையும் தும்பியையும் நான்கறிவினவாகவும் வைத்தார். கண்ணறிவே இவ்விரு வகுப்புக்கும் இடையே நிற்கும் எல்லை. நம் புழு எப்பக்கத்தது? அப்பெரிய வட்டங்கள் காணா. அவை வெறும் வண்ணமே. மெய்யான கண்கள் தலையின் இருபுறமும் கடுகினும் சிறிய புள்ளிகளாய்ப் பக்கத்துக்கு ஆறு உள. அவற்றால் ஒளியையும் இருளையும் அறியும். உருவத்தை மங்கலாகவே அறியும். தன் இலை இதுவென்று துணிவது பெரும்பாலும் மணத்தாலும் சுவையாலுமே. அதனாலன்றோ அஃது கண்டவிடமெல்லாம் மேயாது நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி என ஓரினத்துச் செடிகளையே நாடுகின்றது! ஆடுமாடுகளைக் கொல்லவல்ல அரளியிலையை அது இனிதாக உண்டு கொழுக்கிறது.

புழுவை அதன் செடியோடு சேர்த்தே காணவேண்டும் என்பதனை ஜெர்மனியிற் பிறந்த மரியா சிபில்லா மேரியன் என்னும் அம்மையார் 1679ஆம் ஆண்டிலேயே ஓவிய நூலால் விளக்கினார். நம் புழுவுக்கு 1758ஆம் ஆண்டிற் பெயரிட்ட லின்னேயஸும் அதனை அரளியின் இலத்தீன் பெயராகிய நேரியம் என்பதனோடு இணைத்தே வழங்கினார். அவர் மாணாக்கராகிய கோனிக் என்பார் 1768இல் டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராய் நம் தரங்கம்பாடிக்கு வந்து, செடிகளையும் பூச்சிகளையும் தொகுத்து ஐரோப்பாவுக்கு விடுத்தார். அப்பூச்சிகளிற் பலவற்றை விவரித்தவர் பப்ரிசியுஸ். வேப்பேரியில் இருந்து தமிழகராதி இயற்றிய பப்ரிசியுஸ் ஐயர் வேறு, இவர் வேறு, பெயரொற்றுமையால் மயங்கற்க. காவிரி கடலொடு கலக்கும் கரையில் நின்று ஒருவர் புழு பூச்சிகளை நோக்கி எழுதிய அக்காலத்துக்குப் பின்னும், அவற்றை நம்மவர் ‘ஏதோ ஒரு பூச்சி’ என்றே ஒதுக்குவது எனக்கு வருத்தந் தருகின்றது.

செடிக்கு இதனாற் கேடில்லையோ எனின், ஒரு கிளை மொட்டையாகும். வளர்ந்த செடி மீண்டும் தழைக்கும். சிறு கன்றாயின் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய நந்தியாவட்டையில் விடுக. மருந்து தெளிக்க வேண்டுவதில்லை.

வளர்க்க விரும்புவார் அகன்ற கலத்தின் அடியில் ஈர மண்ணும் சருகும் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி, நாள்தோறும் அதே செடியின் புத்திலை தருக. பச்சை மேனி ஒருநாள் கருஞ்சிவப்பாக மாறும். நோயென்று எறிந்துவிடலாகாது, கூட்டுப்புழுவாகும் காலம் நெருங்கிற்று என்பதற்கு அதுவே அடையாளம். பின் சருகிடையே இறங்கி உறங்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில், பச்சையும் இளஞ்சிவப்பும் வெண்மையும் அலையலையாய் ஓடும், சிறகு விரித்தால் 4 அங்குலம் வரும் அந்து வெளிப்படும். ஈரச்சிறகை உலர்த்துதற்குத் தொங்க இடம் வேண்டுமாதலின் கலத்தினுள் ஒரு குச்சியை நிறுத்துக. பறப்பது இருட்டிய பின்னரே. அப்பொழுது துணியை அவிழ்த்துவிடுக.