வடுகு என்னும் சொல்

பிற இனத்தாரைக் குறிக்க ஒவ்வொரு மொழியும் சில பெயர்களை வழங்கி வருகிறது. தெலுங்கு மொழிக்கும் அதனைப் பேசுவோர்க்கும் நம் முன்னோர் இட்ட பெயர் 'வடுகு' என்பதாகும். வேங்கட மலைக்கு அப்பால் வாழ்ந்தோரைச் சங்க நூல்கள் வடுகர் என்கின்றன. வடக்கு என்னும் திசைப்பெயரோடு இச்சொல் தொடர்புடையது என்பர் அறிஞர்.

இனி இதன் இலக்கண வடிவங்களைக் காண்போம். வடுகு என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். உயிரை முதலாக உடைய விகுதி சேரும்போது ஈற்று உகரம் கெடும்.

வடுகு + அன் = வடுகன்
வடுகு + அர் = வடுகர்

வேற்றுமை ஏற்கும்போது வடுகரை, வடுகரால், வடுகர்க்கு, வடுகரின், வடுகரது, வடுகர்கண் என வரும். விளிக்கும்போது வடுகீர் என்றாகும். தெலுங்கு என்பதோ மென்தொடர்க் குற்றியலுகரம். தெலுங்கு + பாடம் = தெலுங்குப்பாடம் என வல்லினம் மிகும். தமிழ் என்னும் சொல்லுக்குத் தனிச் சிறப்புண்டு. வேற்றுமைப் புணர்ச்சியில் அது அகரம் பெற்றுத் 'தமிழப்பள்ளி' என வருதலையும் நன்னூல் ஏற்கிறது.

விகுதி பாலை மட்டுமன்று, மதிப்பையும் காட்டும். 'அன்' ஆண்பால் ஒருமை. 'அர்' பலர்பால்; ஒருவரை உயர்த்திச் சொல்லவும் அதுவே உதவும்.

வடுகர் நமக்கு அயலார் அல்லர். 1689-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற இராணி மங்கம்மாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்டார். அவருடைய பேரர் விசயரங்க சொக்கநாத நாயக்கர் தெலுங்கில் ஸ்ரீரங்க மாகாத்மியம் இயற்றினார். அவரும் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் சிலைகள் ஸ்ரீரங்கம் கோயிலில் உள்ளன. நம் மாவட்டத்தில் வடுகர்பேட்டை என்றே ஓர் ஊரும் இருக்கிறது.

ஆயினும் வடுகு நாம் இட்ட பெயர். அவர்கள் தம் மொழியைக் கூறுவது தெலுங்கு என்றே. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் பாஸ்க்கு இனத்தவர். பிறர் பாஸ்க்கு என்றழைக்கும் அம்மக்கள் தம்மை 'எவுஸ்கல்துன்' என்பர். 'எவுஸ்கரா மொழியை உடையவர்' என்பது அதன் பொருள். தமிழ் மொழியால் நாம் தமிழர் ஆனது போன்றதே இதுவும்.

தோழியரே! வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் மாணவியர் நம்மிடையே உளர். வடுகு என்னும் பழஞ்சொல்லை நூல்களில் பொருளறிந்து படிப்போம். ஆனால் அவர்களை அவர்கள் விரும்பும் பெயராலேயே அழைப்போம். சொல்லின் இலக்கணம் அறிவதோடு அதனை வழங்கும் பண்பும் அறிதல் வேண்டும்.