மின்சாரத்திற்கும் ஒரு தேவைப் பட்டியல்

வருங்காலத் தேவையைக் கணக்கிடாமல் நெசவாளர் சங்கம் ஒன்று நூல் கொள்முதல் செய்யுமாயின் என்ன நேரிடும் என்பதை அங்கத்தினர் நன்கறிவர். நூல் குறைந்தால் தறி நிற்கும். மிகுந்தால் கடன் வட்டி ஏறும். மின்பகிர்மானக் கழகம் மின்சாரம் கொள்முதல் செய்வதும் இதனை ஒத்ததேயாம். நூலைக் கிடங்கில் அடுக்கி வைக்கலாம். மின்சாரத்தைப் பேரளவில் சேமித்தல் இன்றும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். ஆகவே கணக்கு இன்னும் துல்லியமாக அமைதல் வேண்டும்.

கணக்குத் தவறியதன் விளைவை நம் வட்டாரம் அனுபவித்திருக்கிறது. 2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்புடைய ஆலைகளுக்கு 40 விழுக்காடு மின்வெட்டு விதிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் மாநிலத்தின் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட்டை எட்டிற்று. அந்நாளில் மாணவனாயிருந்த நான், பல்லடம் பக்கத்துத் தறிக்கூடங்களில் மின்சாரம் வரும் வேளையை எதிர்நோக்கி நெசவாளர் நள்ளிரவில் விழித்திருந்ததைக் கண்டவன். ஜெனரேட்டர் வைத்திருந்த பனியன் கம்பெனிகள் டீசல் செலவைச் சுமந்தன. வைத்திராதோர் ஆர்டரை இழந்தனர். தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடும் நேரமும் சுருங்கிற்று.

பற்றாக்குறை தோன்றிய பின் மின் நிலையம் கட்டத் தொடங்குதல் பயன் தராது. கூடங்குளத்தில் கட்டுமானம் 2002இல் தொடங்கியது. 1,000 மெகாவாட் முதல் அலகு வணிக உற்பத்திக்கு வந்ததோ 2014 டிசம்பர் இறுதியில். எனவே பத்தாண்டு முன்னோக்கித் திட்டமிடல் அவசியமாகிறது.

அச்சத்தினால் அளவுக்கு மீறி ஒப்பந்தம் செய்துகொள்வதும் நஷ்டமே. நீண்டகால ஒப்பந்தத்தில், மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிடினும், நிலையம் ஆயத்தமாக இருக்கும் வரை நிலைக்கட்டணம் செலுத்தியாக வேண்டும். ஓர் உதாரணம் கொள்வோம். 100 மெகாவாட் நிலையம் ஆண்டில் 80 விழுக்காடு ஆயத்தமாயிருப்பின் சுமார் 70 கோடி யூனிட் தர இயலும். யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் 2 ரூபாய் எனில், ஆண்டுக்கு 140 கோடி ரூபாய். அதில் பாதியையே நாம் உபயோகித்தால், வாங்காத மின்சாரத்திற்கு 70 கோடி கொடுத்தவர்களாவோம். அத்தொகை இறுதியில் மின்கட்டணத்திலோ அரசின் மானியத்திலோ வந்து சேரும். 2013இல் நம் மாநிலம் 3,330 மெகாவாட்டுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் 15 ஆண்டுக் காலத்திற்குரியவை என்பதை நோக்கின், ஒரு கையெழுத்தின் கனம் விளங்கும்.

இக்கொள்முதலை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் மாநில ஒழுங்குமுறை ஆணையத்திற்கு அளித்துள்ளது. 2022 டிசம்பரில் வெளியான மத்திய அரசின் விதிகள், பகிர்மானக் கழகங்கள் போதிய மின்வளத்திற்கான திட்டம் வகுத்து ஆணையத்தின் ஒப்புதல் பெறவேண்டும் எனக் கூறுகின்றன. 2023இல் மத்திய மின்துறை அமைச்சகம் இதற்கான வழிமுறைகளை வெளியிட்டது.

விதி நன்று, சரிபார்த்தலில்தான் குறை நேரும். கழகம் முன்னர் மதிப்பிட்ட தேவையையும் பின்னர் ஏற்பட்ட உண்மைத் தேவையையும் அருகருகே வைத்து ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுதல் வேண்டும். ஆண்டு மொத்தம் மட்டும் போதாது. உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் ஆனி, ஆடியில் நன்கு சுழலும், மாசியில் அவ்வாறில்லை. சூரிய மின்சாரம் மாலையில் மறைந்துவிடும். நம் தறிகளோ இரவிலும் ஓடுகின்றன. ஆதலின் மாதவாரியாகவும் மணிவாரியாகவும் கணக்குத் தேவை.

விவசாய அங்கத்தினருக்குக் கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். இலவச இணைப்புகள் பலவற்றிற்கு மீட்டர் இல்லாமையால், பம்புசெட்டுகளின் உபயோகம் மதிப்பீட்டினாலேயே கணக்கிடப்படுகிறது. மதிப்பீடு பிழையானால் திட்டம் முழுவதும் பிழையாகும். மீட்டர் என்றதும் கட்டணம் வருமென அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் விவசாயத்திற்கெனத் தனி மின்பாதை உள்ள இடங்களில், துணைமின் நிலையத்திலேயே அப்பாதையை அளந்தால் இணைப்புதோறும் மீட்டர் இன்றியே உண்மை அளவு தெரியவரும்.

ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கோரும்போது சங்கங்களும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். தறிகளின் எண்ணிக்கை, அனுமதிக்கப்பட்ட மின்பளு, மாதவாரி யூனிட், மின்தடை நேர்ந்த நாளும் மணியும், அடுத்த ஐந்தாண்டில் சேர்க்கக் கருதும் இயந்திரங்கள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவரும்படி செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆய்வுக்கு வரும்போது, இருப்புப் பதிவேட்டுடன் இதனையும் பார்வையிட விரும்புகிறேன்.