புது காரா, லோனரா? லீஸில் கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, லெக்சஸ் என்று எந்த ஷோரூமில் லீஸ் பேசப் போனாலும், பேரம் கொஞ்சம் இழுபட்டால் விற்பனையாளர் ஒரு மாற்று வழி சொல்வார்: “இதே மாடலில் லோனர் ஒன்று நிற்கிறது. நாலாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது. மாதத்துக்கு நூறு டாலர் குறைத்துத் தருகிறேன்.” எடிசனிலும் ஃபிரிஸ்கோவிலும் ஃப்ரீமாண்டிலும் இருக்கும் நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பழைய காரைத் தலையில் கட்டுகிறாரோ என்று பயந்து விலகுகிறவர்களும் உண்டு, நூறு டாலர் என்றதுமே பேனாவை எடுக்கிறவர்களும் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அதற்கு ஒரு மாலை நேரமும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

சர்வீஸுக்குக் காரை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு, அது தயாராகும்வரை ஓட்டிக்கொள்ளும்படி டீலர் கொடுக்கும் கார்தான் லோனர். சில மாதங்களும் சில ஆயிரம் மைல்களும் ஆனதும் அதை விற்பனைக்கு விடுவார்கள். பெரும்பாலும் அது யார் பெயரிலும் டைட்டில் ஆகாமலே இருக்கும். ஆகவே பல ஃபைனான்ஸ் நிறுவனங்கள் அதைப் புது கார்களுக்கான லீஸ் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்கின்றன. ஓடிய காருக்கான தள்ளுபடியும் கிடைக்கும், புது காருக்கான வட்டியும் கிடைக்கும். லோனரின் முழுப் பலம் இதுதான்.

ஆகவே டீலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இந்தக் கார் இதற்கு முன் டைட்டில் ஆகியிருக்கிறதா? புது கார் லீஸ் திட்டத்தில் வருகிறதா?” டைட்டில் ஆகிவிட்டது என்றால் அது சட்டப்படி பழைய கார். வட்டியும் கழிவும் வேறு மாதிரி இருக்கும், இங்கே சொல்லப்போகும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

ஒரே தாளில் இரண்டு கார்

லீஸின் மாதத் தவணை இரண்டு துண்டுகளால் ஆனது. காரின் பேச்சுவார்த்தை விலையிலிருந்து, லீஸ் முடியும்போது அதற்கு மதிப்பிடப்படும் விலையைக் கழித்து, மாதங்களால் வகுத்தால் வருவது தேய்மானம். அந்தக் கடைசி மதிப்புக்குத்தான் ரெசிடுவல் என்று பெயர். இரண்டாவது துண்டு வட்டி. விலையையும் ரெசிடுவலையும் கூட்டி, மணி ஃபேக்டர் எனும் சிறு எண்ணால் பெருக்கினால் அது கிடைக்கும். மணி ஃபேக்டரை 2400-ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான ஆண்டு வட்டி விகிதம் வந்துவிடும். 0.00200 என்றால் 4.8 சதவீதம்.

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். ஸ்டிக்கர் விலை 56,000 டாலர், 36 மாதம், ஆண்டுக்கு 10,000 மைல், ரெசிடுவல் 58 சதவீதம், அதாவது 32,480 டாலர். மணி ஃபேக்டர் 0.00200. புது காரை 52,000-க்குப் பேசி முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் மாதம் 542 டாலர், வட்டி 169 டாலர். ஆக வரிக்கு முன் 711 டாலர்.

இப்போது அதே கார், 4,500 மைல் ஓடிய லோனர், ஸ்டிக்கரிலிருந்து 15 சதவீதம் தள்ளி 47,600-க்கு வருகிறது. ஆனால் ரெசிடுவல் அப்படியே இருக்காது. ஓடிய மைலுக்கு ஏற்ப அதைக் குறைப்பார்கள். முதல் 500 மைலை விட்டுவிட்டு, மீதிக்கு மைலுக்கு 25 சென்ட் வீதம் குறைக்கிறார்கள் என்று கொண்டால், 4,000 மைலுக்கு 1,000 டாலர் போகும். ரெசிடுவல் 31,480. தேய்மானம் 448, வட்டி 158, மொத்தம் 606 டாலர். மாதம் 105 டாலர் மிச்சம், மூன்று வருடத்தில் ஏறக்குறைய 3,790 டாலர். இது தயங்காமல் எடுக்க வேண்டிய லோனர்.

அதே லோனருக்கு டீலர் 10 சதவீதம்தான் தள்ளுகிறார் என்றால்? விலை 50,400 ஆகும். மாதத் தவணை 689 டாலர். புது காரோடு வித்தியாசம் வெறும் 22 டாலர், மூன்று வருடத்துக்குச் சேர்த்தும் 800 டாலர் தேறாது. சொகுசுக் கார்களுக்கு நான்கு டயர் மாற்றினால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். இன்னொருவர் ஓட்டித் தேய்த்த டயரோடு வரும் காருக்கு 22 டாலர் சலுகை போதாது. அந்த நிலையில் புது காரையே எடுங்கள்.

கால்குலேட்டர் கையில் இல்லாதபோது இந்த ஒன்றை நினைவில் வையுங்கள். 36 மாத லீஸில், இந்த வட்டியில், விலை ஆயிரம் டாலர் குறைந்தால் தவணை மாதம் ஏறக்குறைய 30 டாலர் குறையும். ரெசிடுவல் ஆயிரம் குறைந்தால் 26 டாலர் ஏறும்.

மைலுக்கு எத்தனை சென்ட், எத்தனை மைலுக்கு மேல் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மாதத்துக்கு மாதமும் மாறலாம். “லோனர் மைலுக்கு ரெசிடுவல் எவ்வளவு குறைகிறது?” என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம், ஃபைனான்ஸ் மேனேஜரிடம் கேட்டுச் சொல்லும்படி சொல்லுங்கள். இந்த எண் இல்லாமல் எந்த ஒப்பீடும் செல்லாது.

தள்ளுபடிக்குள் என்ன கலந்திருக்கிறது

“பதினைந்து சதவீதம் தள்ளுபடி” என்று டீலர் சொல்வதில், எல்லா வாடிக்கையாளருக்கும் தயாரிப்பாளர் கொடுக்கும் லீஸ் சலுகைப் பணமும் கலந்திருக்கலாம். அது புது காருக்கும் கிடைக்கும். அப்படியென்றால் லோனருக்கென்று டீலர் தன் கையிலிருந்து விட்டது அதைவிடக் குறைவுதான். இரண்டு காருக்கும், சலுகைப் பணத்தைச் சேர்க்காத விற்பனை விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சில சலுகைகள் புது காருக்கு மட்டும் உண்டு, சில லோனருக்கு மட்டும் உண்டு. எது எதில் சேர்ந்திருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

மின்சாரக் காருக்கு 2025 செப்டம்பர் 30-ஓடு 7,500 டாலர் மத்திய வரிச் சலுகை முடிந்துவிட்டது. அதற்கு முன் லீஸ் எடுத்த நண்பரின் தவணையை அளவுகோலாக வைத்துக்கொண்டு இன்று பேரம் பேசாதீர்கள்.

மணி ஃபேக்டரையும் கேட்டு வாங்குங்கள். ஃபைனான்ஸ் நிறுவனம் கொடுக்கும் அடிப்படை எண்ணின் மேல் டீலர் கொஞ்சம் ஏற்றி வைப்பது சாதாரணமாக நடப்பது. விலையில் விட்டுக்கொடுத்ததை இந்த வழியில் திரும்ப எடுத்துவிடுவார்கள். மேலே சொன்ன லோனரில் 0.00200-ஐ 0.00240 ஆக்கினால் மாதம் 32 டாலர் கூடும். நூறு டாலர் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு சத்தமில்லாமல் போய்விடும். 1976-இன் நுகர்வோர் குத்தகைச் சட்டத்தின் விதிகள்படி, ஒப்பந்தத்தில் வட்டித் தொகையை டாலரில் காட்டியாக வேண்டும், மணி ஃபேக்டரைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ‘ரென்ட் சார்ஜ்’ என்ற வரியில் இருக்கும் மொத்தத் தொகையை மாத எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை விலையும் ரெசிடுவலும் கூட்டிய தொகையால் வகுங்கள். கிடைப்பதுதான் மணி ஃபேக்டர்.

வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் தவணையோடு மாதாமாதம் கட்டுவீர்கள். நியூ ஜெர்சியில் மொத்தத் தவணைக்கும் சேர்த்து 6.625 சதவீதம் ஆரம்பத்திலேயே கணக்காகும். டெக்சஸில் லீஸ்தான் என்றாலும் காரின் முழு விலைமீது 6.25 சதவீதம். ஆகவே டெக்சஸில் 4,400 டாலர் விலை குறைந்த லோனர், வரியிலும் 275 டாலர் மிச்சம் செய்து கொடுக்கும்.

தவணையைக் குறைத்துக் காட்ட மூவாயிரம், நாலாயிரம் முன்பணம் கேட்டால் இரண்டு காருக்குமே மறுத்துவிடுங்கள். கார் விபத்தில் முற்றிலும் சேதமானால் இன்சூரன்ஸ் பணம் லீஸ் நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் கட்டிய முன்பணம் திரும்பி வராது.

வாரண்டியின் கடிகாரம்

லோனரின் வாரண்டி நீங்கள் சாவி வாங்கும் நாளில் தொடங்குவதில்லை. டீலர் அதை லோனராக இறக்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது. அந்தத் தேதியை எழுத்தில் கேளுங்கள்.

பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, லெக்சஸ் ஆகியவற்றின் அடிப்படை வாரண்டி 4 வருடம் அல்லது 50,000 மைல். ஆறு மாதம் லோனராக ஓடியிருந்தாலும் இன்னும் மூன்றரை வருடம் பாக்கி. உங்கள் 36 மாத லீஸ் அதற்குள் அடங்கிவிடும். 4,500-இல் தொடங்கி 30,000 மைல் ஓட்டினால் 34,500-இல் திருப்பிக் கொடுப்பீர்கள், மைல் கணக்கிலும் பயமில்லை. டொயோட்டா, ஹோண்டா போன்றவற்றில் அடிப்படை வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 மைல்தான். அங்கே லோனரை 36 மாதத்துக்கு எடுத்தால் கடைசிச் சில மாதங்கள் வாரண்டி இல்லாமல் ஓட்ட வேண்டிவரும். அந்த பிராண்டுகளில் 24 மாத லீஸ் கிடைத்தால் மட்டும் லோனரைப் பற்றி யோசியுங்கள்.

இலவசப் பராமரிப்புக்கும் இதே கதைதான். பி.எம்.டபிள்யூவில் அது 3 வருடம் அல்லது 36,000 மைல். ஆறு மாதம் முன்பே அந்தக் கணக்கு ஓடத் தொடங்கியிருந்தால் கடைசி ஆயில் மாற்றுச் செலவு உங்கள் கையிலிருந்து போகக்கூடும். பெரிய தொகை இல்லை, ஆனாலும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

லீஸ் முடிந்ததும் காரை வாங்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் லோனருக்கு ஒரு அனுகூலம் உண்டு. ரெசிடுவல் குறைந்திருப்பதால் வாங்கும் விலையும் அந்த அளவுக்குக் குறையும்.

காரைச் சுற்றி ஒரு நடை

பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த காரைப் பாருங்கள். மழையில் நனைந்த காரில் கீறல் தெரியாது. லோனரை ஓட்டியவர்கள் யாரும் அதைத் தன் கார் என்று நினைத்து ஓட்டியிருக்க மாட்டார்கள். நடைபாதை ஓரத்தில் உரசிய தழும்பு நான்கு சக்கர ரிம்மிலும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முன் கண்ணாடியில் கல் தெறித்த சிறு புள்ளி, கதவு விளிம்பு, பின் பம்பரின் மேல்பகுதி, சீட்டில் கறை, நாய் முடி எல்லாவற்றையும் பார்த்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏற்கெனவே இருந்த கீறலுக்கும் உங்களிடம்தான் பணம் கேட்பார்கள்.

டயரைச் சோதிக்க ஒரு குவார்ட்டர் நாணயம் போதும். வாஷிங்டனின் தலை கீழே இருக்கும்படி அதை டயரின் பள்ளத்தில் நுழையுங்கள். தலையின் உச்சி முழுதாக வெளியே தெரிந்தால், பள்ளம் அங்குலத்தில் 32-இல் 4 பங்குக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். பல லீஸ் நிறுவனங்கள் காரைத் திரும்ப வாங்கும்போது எதிர்பார்க்கும் குறைந்தபட்சமே அந்த 4 பங்கு. நடுவில் மட்டும் பார்க்காமல் உள் ஓரத்தையும் வெளி ஓரத்தையும் பாருங்கள், நான்கு டயருக்கும். தேய்மானம் அதிகமாக இருந்தால் புது டயர் போட்டுத் தரச் சொல்லி பேரம் பேசுங்கள். லோனரைக் காலி செய்ய நினைக்கும் மாதக் கடைசியில் டீலர் இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு சாவி, தரை விரிப்பு, மின்சாரக் காரானால் சார்ஜ் செய்யும் கேபிள் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். லோனர்களில் கேபிள் காணாமல் போவது சகஜம். காரின் திரையில் முன்பு இணைத்த ஃபோன்களின் பட்டியலை அழித்துத் தரச் சொல்லுங்கள். விபத்து வரலாற்று அறிக்கையையும் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். டீலர் தன் பட்டறையிலேயே சரிசெய்த சிறு சேதம் அதில் வராமலே போகலாம். “இந்தக் காரில் பெயின்ட் வேலையோ பாடி வேலையோ நடந்ததா?” என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். டயர், பாலிஷ், இரண்டாவது சாவி என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்ட எதுவும் ஒப்பந்தத்தோடு எழுத்தில் சேர வேண்டும்.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில ஃபைனான்ஸ் நிறுவனங்கள் லீஸ் காலம் விசா முடியும் தேதிக்குள் அடங்க வேண்டும் என்று கேட்பதுண்டு. பேரம் பேசி முடித்த பிறகு அது தெரியவந்தால் எல்லாம் வீண், ஆகவே ஆரம்பத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

கையெழுத்திடும் மேசையில் கடைசியாக ஒரு எண்ணைச் சரிபாருங்கள். ஒப்பந்தத்தில் ஓடோமீட்டர் அளவு 4,500 என்று எழுதியிருக்க வேண்டும், அனுமதித்த 30,000 மைல் அதற்கு மேல் கணக்காக வேண்டும். தொடக்க அளவு தவறாகப் பதிவானால், கூடுதல் மைலுக்கு 25 சென்ட் வீதம் அந்த 4,500 மைலுக்கும் நீங்கள் 1,125 டாலர் கட்ட நேரும்.

எந்தக் காரை வாங்கினாலும் மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நம் வட்டாரங்களில் ஒரு பேச்சு உண்டு. மத்திய வர்த்தக ஆணையத்தின் 3 நாள் ரத்து விதி, டீலர் கடையில் வைத்துப் போடும் கார் ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. ஆகவே அந்த மூன்று நாளைக் கையெழுத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காரின் தாளையும் ஈமெயிலில் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள்.