பேர் வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

"இந்தச் சம்பளம் கட்டுப்படியாகல அக்கா. கொழும்புக் கடையில மாசம் 38,000 தாறாங்களாம். நாளைக்கே போகப்போறேன்." பன்னிரண்டு வருடம் செக்ரோலில் பேர் உள்ள ஒரு தம்பி போன மாதம் வந்து சொன்னது இது. போகாதே என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துவரச் சொன்னோம்.

நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (2024 செப்டம்பரில் அரசாங்கம் விதித்த தொகை. நீங்கள் உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.) மாதம் 20 பேர் விழுந்தால் 27,000. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் பிடித்தால் கையில் 24,840. அவர் வீட்டில் சாப்பிட 8000 போனால் மிச்சம் 16,840.

கொழும்பில்? அறை வாடகை 8000, சாப்பாடு 14,000, மாதம் ஒருக்கா ஊருக்கு வந்துபோக 3000. மிச்சம் 13,000தான்! இன்னொன்றும் உண்டு. தோட்டம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அது மாதம் 4050 ரூபாய். அந்தக் கடையில் இரண்டு நிதியும் கட்டுவார்களா என்று தம்பி கேட்கவேயில்லை. கட்டுவது சட்டம். அதோடு தங்க இடமும் தந்தால் கணக்கு தலைகீழாக மாறும். அப்போது தாராளமாகப் போகலாம்.

சேமலாப நிதியை எடுத்துக் கடனைக் கட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேலையை விட்ட காரணத்துக்காக மட்டும் அது கிடைக்காது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாக வேண்டும். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு விலக்கு உண்டு.

பணிக்கொடை, அதாவது சர்வீஸ் காசு, வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் அது உண்டு. வருடத்துக்கு 14 நாள் சம்பளம். தம்பிக்கு 12 வருடம், 14 நாள், 1350 ரூபாய்: மொத்தம் 2,26,800. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

ஆனால் நம்மாட்கள் என்ன செய்கிறார்கள்? பிரட்டுக்குப் போகாமல் சும்மா நின்றுவிடுகிறார்கள். பிறகு நின்ற நாள் எது என்றே வழக்கு வளருகிறது. விலகும் திகதியை எழுதிக் கடிதம் கொடுங்கள். பிரதியில் ஒப்பீசு முத்திரை வாங்குங்கள். காசு வராவிட்டால் அந்தப் பிரதியோடு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். காம்பரா யார் பேரில் இருக்கிறது, நீங்கள் விலகினால் வீட்டாருக்கு என்ன ஆகும் என்பதையும் முதலே கேளுங்கள்.

கடைசியாகத் தம்பியின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தோம். செக்ரோலில் ஒரு பேர், அட்டையில் வேறொரு பேர்! தகப்பன் பேரும் பிழை. இப்படியே விட்டுப் போயிருந்தால் காசு எடுக்க எத்தனை தடவை அலைய வேண்டி வந்திருக்கும்? கடைக்காரரிடம் ஒரு மாதத் தவணை கேட்டுவிட்டு, தம்பி இப்போது சத்தியக்கடதாசிக்காக நடந்துகொண்டிருக்கிறார்.